பட்டா இல்லாத வீடும் பதினோராயிரம் யூரோவும்

ஜெர்மனியில் படிக்கக் கல்விக் கட்டணம் இல்லை என்று கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரி வந்து, அங்கே மின்சார ரயில் பிடித்து, சிவில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இல்லாவிட்டால் அந்தப் படிப்பும் நடந்திருக்காது. அக்கா சொன்னதில் பொய் இல்லை. பெரும்பாலான ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்கு ஒரு முறை சில நூறு யூரோ கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பயணமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்த நாட்டில் கால் வைப்பதற்கு முன்னால் காட்டவேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் மீனவக் குப்பத்துக்கு வந்து யாரும் சொல்வதில்லை. நான் எழுத வந்தது அதைத்தான்.

அதற்கு முன்னால், ஏன் போக விரும்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் வந்து விழுகின்றன. கடலும் ஏரியும் சேருமிடம் முகத்துவாரம். அந்த வாய் திறந்திருந்தால்தான் இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வரும், மடவையும் கொடுவாவும் வரும், படகு கடலுக்குப் போகும். மணல் வந்து அடைத்துக்கொண்டால் ஏரித் தண்ணீர் வெயிலில் வற்றி உப்பேறிவிடும். பல இடங்களில் இடுப்பளவுகூட ஆழம் இல்லாத ஏரி அது. சின்ன வயதில், வாய் அடைத்த வருடங்களில், பெரியவர்கள் மண்வெட்டியும் கூடையுமாகக் கூட்டம் கூட்டமாகப் போய் மணலை வெட்டிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். சில நாளில் மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

நைனா, என் அப்பா, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார். தெண்டி நீரோட்டம் ஓடுகிறது, மணல் தெற்கேயிருந்து வருகிறது என்பார். வாடைக் காலத்தில் வன்னி ஓடும், மணல் திரும்பும், ஆனால் வந்த அளவுக்குப் போகாது என்பார். கல்லூரியில் கடலோரப் பொறியியல் பாடத்தில் இதே விஷயம் ஒன்றரைப் பக்கம் வந்தது. சோழமண்டலக் கரையில் அலைகள் வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் குறுக்கே எழுந்ததும், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. பிறகு எண்ணூரில் துறைமுகம் வந்தது, காட்டுப்பள்ளியில் வந்தது. அதற்கும் வடக்கே நாங்கள் இருக்கிறோம். வகுப்பில் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் தேர்வுக்குப் படித்தார்கள். எனக்கு அது எங்கள் வீட்டுச் சோறு. அந்தப் பாடத்தை முழுதாகப் படிக்கவேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

ஜெர்மனியில் பிரெமன் நகரம் வேசர் ஆற்றின் மேல் இருக்கிறது. ஆற்றில் மணல் சேர்ந்து கப்பல்கள் நகரத்துக்கு வரமுடியாமல் போனபோது, லுட்விக் ஃபிரான்சியுஸ் என்ற பொறியாளர் ஆற்றின் கீழ்ப்பகுதியையே சீரமைத்தார். 1887 முதல் 1895 வரை நடந்த வேலை. ஹனோவரின் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தில் கடலோர, முகத்துவார ஆய்வுக்கான நிறுவனம் அவர் பெயரில் இருக்கிறது. இதை நூலகத்தில் படித்த நாளில், போனால் அங்கேதான் என்று முடிவு செய்தேன். சென்னை ஐஐடியே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டதுதான் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னது அந்த முடிவுக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே இளநிலைப் படிப்பில் சேர்வது நம் பிள்ளைகளுக்கு எளிதில்லை. ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்கவேண்டும், அல்லது இங்கே ஒரு வருடம் கல்லூரியில் படித்துத் தேறியிருக்கவேண்டும், அல்லது அங்கே போய் ஓராண்டு முன்தயாரிப்புப் படிப்பு படிக்கவேண்டும். நான் பி.இ. முடித்து, சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, முதுநிலைக்கு விண்ணப்பித்தேன். நீர்வளத் துறையில் ஆங்கிலத்திலேயே நடத்தும் படிப்புகள் ஹனோவரிலும் டிரெஸ்டனிலும் ஸ்டுட்கார்ட்டிலும் இருந்தன. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதை அன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். டிரெஸ்டனுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அந்த 75 யூரோவைக் கட்டுவதற்கு வெளிநாட்டில் செல்லும் கார்டு வேண்டும். அந்தச் சீனியர் அக்காவின் கார்டில் கட்டிவிட்டு ரூபாயாகக் கையில் கொடுத்தேன்.

மதிப்பெண் கணக்கு அங்கே தலைகீழ். 1 என்பது முதல் தரம், 4 வரை தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் உண்டு. எனக்கு 10-க்கு 8.2, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் 5. உச்சத்திலிருந்து என் மதிப்பெண்ணைக் கழித்தால் 1.8, அதை 5-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏறக்குறைய 2.1 வரும். பல படிப்புகள் 2.5-க்குள் இருக்கவேண்டும் என்கின்றன. ஆக மதிப்பெண்ணால் எனக்கு எந்தத் தடையும் வரவில்லை. தடை முழுவதும் காகிதத்தில் இருந்தது.

முதலில் பெயர். எங்கள் வழக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து நைனாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். நைனாவின் பெயரோ ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, என் சாதிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. எழுதத் தெரியாத மனிதரின் பெயரை எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றியபடி எழுதியிருந்தார்கள். இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழி வாங்கவேண்டியிருந்தது. நைனா பொன்னேரி வந்து ரேகை வைத்தார். அந்த நாள் ஏரியில் வலை கட்ட அவருக்கு முறை வந்த நாள். அன்றைய இறாலை விட்டுவிட்டுத்தான் வந்தார்.

பிறகு ஏ.பி.எஸ். இந்திய மாணவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று டெல்லியிலுள்ள ஜெர்மன் தூதரகத்தின் ஒரு பிரிவு சரிபார்த்துக் கொடுக்கும் அத்தாட்சி அது. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாக்கினார்கள். நான் விண்ணப்பிக்கத் தொடங்கியதும் அதே பருவம்தான். கட்டணம் 18,000 ரூபாய். அம்மா பொன்னேரி மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்றுச் சேர்த்த பணம் அதில் போனது. டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து மின்சாரம் போயிருந்த நேரத்தில், நகல்களை எல்லாம் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தோம். ஆயா அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று விளக்கி ஒரு கடிதம் எழுதவேண்டும். ஒரு ஏஜென்சி அதற்கு ஒரு மாதிரிக் கடிதம் கொடுத்தது. சிறுவயதிலிருந்தே எனக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம் என்று தொடங்கும் கடிதம். யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு நைனாவோடு உட்கார்ந்தேன். எந்த மாதத்தில் வாய் அடைக்கும், எந்தக் காற்றில் திறக்கும், மேட்டு மணல் முதலில் எந்தப் பக்கம் கட்டும், திறந்தபின் எத்தனை நாளில் இறால் வரும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் மணலில் கோடு போட்டுக் காட்டினார். அதை வரைபடமாக்கி, ஆற்று வெள்ளமும் கடல் அலையும் ஒன்றையொன்று எதிர்க்கும் கணக்கோடு சேர்த்து ஒன்றரைப் பக்கத்துக்குள் அடக்கினேன். வாயின் இரு பக்கமும் நேர்கல் சுவர் கட்டினால் அது திறந்தே இருக்குமா, சுவருக்கு வடக்கே உள்ள குப்பங்களின் கரை என்ன ஆகும், இதைத் தெரிந்துகொள்ள வருகிறேன் என்று முடித்தேன். அரசும் பின்னாளில் எங்கள் முகத்துவாரத்தில் நேர்கல் சுவர் வேலையைக் கையில் எடுத்தது. அந்தக் கேள்வி இன்றும் கேட்கவேண்டிய கேள்விதான்.

ஹனோவரிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. அதில் என்னை நைனாவின் பெயரால் விளித்திருந்தார்கள். அவரிடம் படித்துக் காட்டினேன். "எம்பேரு அங்க போயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான மலை. விசாவுக்கு, முதல் வருடத்துச் செலவுக்கான முழுப் பணத்தையும் முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்டவேண்டும். நான் போன வருடம் அந்தத் தொகை 11,208 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய். அங்கே போனபின் மாதம் 934 யூரோவாக அது நமக்கே திரும்பி வரும். நைனாவுக்கு இதை விளங்கவைக்க முடியவில்லை.

"நம்ம துட்ட அங்க கட்டி, அவன் மாசாமாசம் நமக்கே குடுப்பானா? அப்ப இன்னாத்துக்கு அங்க கட்டணும்?"

"அங்க போயி பட்டினி கெடக்க மாட்டேன்னு காட்டணும் நைனா."

"அத ஊர்ல நாலு பெரியவங்க சொன்னா பத்தாதா?"

எங்கள் ஊரில் அது போதும். ஒரு வீட்டுக்கு ஊர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். ஏரியே அந்தச் சொல்லில்தான் நடக்கிறது. இறால் வலை கட்டும் இடங்களைப் பாடு என்போம். பாடு உள்ள குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறை வரும். எந்த நாளில் எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதைத் தாத்தா காலத்திலிருந்து ஊர்தான் சொல்லிவருகிறது. அந்த உரிமையால்தான் நாங்கள் சாப்பிட்டோம், நான் படித்தேன். ஆனால் அதை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, வங்கியில் காட்ட முடியாது. காட்டக்கூடாது என்றுகூடச் சொல்வேன். பாடு அடகுக்குப் போனால் ஏரி வியாபாரிகளுடையதாகிவிடும்.

கல்விக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனோம். நாலு லட்சம் வரை ஈடு வேண்டாம், ஏழரை லட்சம் வரை இன்னொருவர் ஜாமீன் போதும், அதற்கு மேல் சொத்து ஈடு வேண்டும் என்பது கல்விக் கடனின் பொது விதி. எனக்கு அதற்கு மேல் வேண்டியிருந்தது. வீட்டுப் பட்டாவும் வில்லங்கச் சான்றும் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வீட்டு வரி ரசீது உண்டு, மின்சார அட்டை உண்டு. பட்டா இல்லை. எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்கும் இல்லை. நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் இடம் அரசுக் கணக்கில் புறம்போக்கு. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நைனாவைப் பார்த்து, "வருமானத்துக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நைனா பேசாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. 1613-ல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை வணிகத்துக்கே அது அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்தது. இங்கிருந்து துணி போனது; அடிமைகளாக மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுடைய கல்லறைகளைத் தொல்லியல் துறை இன்று வேலி போட்டுக் காக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் கல்லறைக்கு இந்த ஊரில் இடத்துக்குக் கணக்கு இருக்கிறது. உயிரோடிருக்கும் எங்கள் வீடுகளுக்கு இல்லை.

பணம் கடைசியில் உறவில்தான் வந்தது. பெரிய மாமா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்து ஒரு மனை வாங்கியிருந்தார், பட்டாவோடு. அதை எனக்காக ஈடு வைக்கச் சம்மதித்தார். அவருக்கும் இரண்டு பெண்கள். அத்தை ஒரு வார்த்தை மறுத்திருந்தாலும் நடந்திருக்காது. அவர்தான் மாமாவைக் கையெழுத்துப் போட அழைத்து வந்தார். விமான டிக்கெட்டுக்கும் விசாச் செலவுக்கும் அம்மா மகளிர் குழுவில் வாங்கினார். இறால் வியாபாரி முன்பணம் தருவதாகச் சொன்னார். நைனா மறுத்துவிட்டார். அதை வாங்கினால் பிடிக்கிற இறாலை அவர் சொல்லும் விலைக்கு அவருக்கே போடவேண்டும். எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மறுப்புக்கு நான் இன்றும் அவரை வணங்குகிறேன்.

விசாவுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில்தான் சந்திரயான்-3 போனது. 2023 ஜூலை 14, பிற்பகல் 2:35. ராக்கெட் போகும் நாட்களில் எங்கள் ஆட்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்பார்கள், ஆகவே நைனா வீட்டில் இருந்தார். சென்னையிலிருந்து கார்களில் கூட்டம் வந்து கரையெல்லாம் நிறைந்திருந்தது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நெருப்பு எழும்பி, அதன் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து ஜன்னலை அதிர வைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. கோபமும் இருந்தது. நிலவுக்குக் கலம் அனுப்பும் பொறியியல் எங்கள் ஏரியின் அக்கரையில் இருக்கிறது. இக்கரையில் முகத்துவாரம் அடைத்தால் மண்வெட்டிதான். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் அந்த வளாகத்துக்குள் பொறியாளராகப் போயிருக்கிறார்கள் என்று யாரைக் கேட்பது?

விசா வந்தது. போனேன். ஹனோவரில் அந்தப் பெரிய அலைத்தொட்டியை முதன்முதலில் பார்த்தபோது வாயடைத்து நின்றேன். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம். உள்ளே உண்மையான மணல், உண்மையான அலை. அலை மணலை எப்படி எடுக்கிறது, எங்கே விடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முகத்துவாரம் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசவேண்டி வந்தபோது பழவேற்காட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். நைனா சொன்ன மாதங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அடைப்பும் திறப்பும் அவர் சொன்ன மாதங்களில்தான் இருந்தன. இந்தத் தகவலைக் கொடுத்தவர் யார் என்று பேராசிரியர் கேட்டார். பெயரைச் சொல்லி, அறிக்கையிலும் எழுதினேன். மூன்று விதமாக எழுதப்பட்ட அந்தப் பெயரை இந்த முறை நான் எழுதினேன்.

படிப்பு கடினம்தான். மாதம் 934 யூரோவில் அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிச்சத்தில் வாழவேண்டும். மாணவர்கள் வருடத்துக்கு 120 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்றிருந்தது. 2024 மார்ச்சில் அதை 140 ஆக்கினார்கள். நான் சனிக்கிழமைகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமாவின் மனை இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் 49,000-க்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டத்தில் மீனவக் குப்பத்திலிருந்து வந்த ஒருவரைத் தேடினேன். கன்னியாகுமரிக் கரைக்காரர் ஒருவர் கிடைத்தார். அவருடைய கதையிலும் ஒரு மாமா இருந்தார், ஒரு மனை இருந்தது. மாமாவும் மனையும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? அது அனுமதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும். அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் குப்பம்தான், என்னைவிட அதிக மதிப்பெண்.

குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்தை எல்லாச் சான்றிலும் ஒன்றாக்குங்கள். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் உதவித்தொகைகளைப் பாருங்கள். வளரும் நாட்டினருக்கான முதுநிலை உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அந்த இரண்டு வருடம் வீணல்ல. கட்டணம் இல்லை என்று யாராவது சொன்னால் எந்த மாநிலம், எந்த வருடம் என்று திருப்பிக் கேளுங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் கட்டணம் வாங்குகிறது. கணக்கில் காட்டவேண்டிய தொகையும் 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ ஆகிவிட்டது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். முடக்கப்பட்ட கணக்கில் போடும் பணம் செலவாகிவிடும் பணமல்ல. மாணவரின் சாப்பாட்டுக்கு மாதாமாதம் அவரிடமே வருவது. அனுமதிக் கடிதம் பெற்ற மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு தொகைக்கு மட்டும் மீன்வளத் துறை வங்கியிடம் ஜாமீன் நிற்கட்டும். நான்கு தலைமுறையாக நாங்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் பட்டா கொடுங்கள்.